தஸ்மினாவின் ஆறு அறைகளும் ஒரு பாதையும்

உப்புத் தண்ணீர் நின்ற குட்டையைத் தூர்த்து அதன்மேல் ஆறு வாடகை அறைகள் கட்டினாள் தஸ்மினா. ஒட்டுப்பலகை ஆலையை மூடியபோது கூட வேலை பார்த்த பெண்கள் கைக்குக் கிடைத்த பணத்தில் மோட்டார் சைக்கிளும் வளையலும் வாங்கினார்கள். இவள் மண் வாங்கினாள். மரம் வெட்டக் கடல் தாண்டிக் கலிமந்தானுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. இவளும் ஆள் விட்டுத் தேடவில்லை. கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்யும் முரட்டு ஆட்களைக் குடிவைத்து, வாசலிலேயே பூட்ஸைக் கழற்ற வைத்தாள். நல்ல தண்ணீர்க் குழாயை அந்தக் கடைசி மூலை வரை இழுத்து வந்தாள். விற்றுவிடு என்று தெருவே சொன்னபோது விற்காமல் நின்றாள். ஒரு பாதையை மீட்டாள். ஐம்பத்தொரு வயதில் தன் பெயரைத் தன் கையால் எழுதினாள்.

அண்ணன் தர்மூஜி யாரிடம் சொன்னாலும் இந்த வரிசையில்தான் சொல்வார். நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடியும் குட்டையிலிருந்து ஆரம்பிப்பார்.

தர்மூஜி துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் பட்டைகளுக்கு மசகு போடுகிறவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் எழுத்து அச்சில் வார்த்தது போல இருக்கும். எண்ணெய்ப் பீப்பாய்களில் பெயர் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். தங்கை அந்த அளவும் படிக்கவில்லை. சாயங்காலம் மசூதியில் அரபு எழுத்துக் கூட்டி ஓதியதோடு சரி. மற்றதற்கெல்லாம் கட்டை விரல்தான். ஆலையில் சேர்ந்த அன்றும் விரல் வைத்தாள், வெளியே அனுப்பிய அன்றும் விரல் வைத்தாள்.

தம்பாக்லாமாவில் யாரும் வாங்காத இடமாகப் பார்த்து அவள் வாங்கியபோது தர்மூஜிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. தெருக்கோடியில், கிணற்றைத் தாண்டி, கைவிட்ட மீன் குட்டை. பௌர்ணமி அமாவாசைக்குக் கடல் உள்ளே வந்து படுத்துவிட்டுப் போகும்.

"காசக் கடல்ல போடுறதுக்கு இவ்வளவு தூரம் எதுக்கு நடக்கணும்? படகுத்துறையில நின்னே எறியலாமே."

"நீ எறிஞ்சா மூழ்கும்ணே. நான் எறிஞ்சா மேடாகும்."

உடைத்த செங்கல், ஓட்டுத் துண்டு, இடித்த கட்டடங்களின் கழிவு என்று லாரி லாரியாகக் கொட்டினாள். கொட்டியது இறங்கியது. மறுபடி கொட்டினாள். வேலை எந்தப் பக்கம் வருகிறது என்பதை அவள் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டறை வாசலில் காலைச் சோறு விற்றபோது, வாங்குகிறவர்கள் எந்த ஊர்ப் பேச்சுப் பேசுகிறார்கள் என்று கவனித்தாள். மதுரா தீவுப் பேச்சு, லமோங்கான் பேச்சு, பிறகு ஃப்ளோரஸ் பேச்சு. தூரத்து ஊர்க்காரனுக்குப் படுக்க இடம் வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு. முதலில் நாலு அறை எழும்பியது. அது நிரம்பியதும் இன்னும் இரண்டு. சுவரின் அடிப்பக்கத்தை உப்பு தின்றுகொண்டே இருந்தது. அவளும் பூசிக்கொண்டே இருந்தாள்.

குழாய் வந்த அன்று மீட்டர் பெட்டியின் மூடியில் தர்மூஜி வெள்ளைப் பெயிண்டால் அவள் பெயரை எழுதினார். பெரிய ரோமன் எழுத்துகள், ஒன்றோடொன்று உயரம் பிசகாமல். அவள் ஈரம் காயும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு நாள், கடைசி அறையின் ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த நிலக்கரித் தூசியில் யாரோ விரலால் கோடு கிழித்திருப்பதைப் பார்த்தார். குடியிருக்கும் பையன்கள் விளையாட்டு என்று நினைத்துத் துடைத்துவிட்டார்.

அந்த ஆறு அறைகளுக்கும் ஒரே வழி, கிணற்றடியிலிருந்து குட்டைவரை போகும் மண் பாதை. பாதை ஓடுவது ஹாஜி மஸ்கூரின் நிலத்தின் ஓரமாக. மஸ்கூரின் அப்பா ஹாஜி திம்யாத்தி, பழைய காலத்தில் ஒரு கந்தூரி விருந்தில் எல்லோர் முன்னாலும், "இந்தப் பாதை நடக்கிறவங்களுக்கு. வக்ஃபு" என்று சொல்லிப் பொதுத் தர்மமாக விட்டுவிட்டார். அன்றைக்கு வாய்தான் பத்திரம். எழுத்தில் ஒன்றும் கிடையாது.

மஸ்கூரும் தர்மூஜியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இன்றும் ஒரே வரிசை.

மழை ஓயாத ஒரு பிப்ரவரி மதியம், ஹாஜி வீட்டிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டி வந்தது. சோறு, கோழித் துண்டு, முட்டை, வறுத்த தேங்காய்த் துருவல், நூடுல்ஸ். தஸ்மினா அண்ணன் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து பிரித்தாள்.

"அவங்க அப்பா செத்த ஆயிரமாவது நாள் வந்திருச்சு போலிருக்கு" என்றாள் மென்றுகொண்டே. "ஆனா அப்பத்தக் காணோம் பாத்தியா? பொண்டாட்டியையும் மக்காவுக்குக் கூட்டிட்டுப் போகக் காசு சேக்குறாங்கன்னு கேள்வி. அதுக்காக அரிசி மாவுலயுமா கை வைப்பாங்க?"

தர்மூஜி சிரித்தார். முட்டையில் பாதி அவருக்கு.

மறுநாள் காலை கிணற்றடியில் நூல் கட்டி முளை அடித்திருந்தார்கள். செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிநிறக் காரில் ஹெர்லான் என்ற தரகர் வந்திருந்தார். ஏதோ ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்துக்காக நிலம் சேர்க்கிறவர். ஹாஜியின் நிலத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று; பத்திரம் அடுத்த மாதம்; அதற்குள் சுற்றுச் சுவர். நூல் பாதையின் குறுக்கே போனது.

தஸ்மினா ஹாஜியின் வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே தர்மூஜி.

"ஹாஜி, எங்க வழில சுவர் எழுப்புறாங்க. தெரியாம பண்றாங்களா?"

ஹாஜி மஸ்கூர் கைலியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நேத்து பெட்டி வந்துச்சா, தஸ்மினா?"

"வந்துச்சு."

"திறந்தியா?"

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

தம்பாக்லாமாவில் நிலம் கைமாறும் முன் விற்கிறவன் சுற்று வீடுகளுக்கெல்லாம் சாப்பாட்டுப் பெட்டி அனுப்புவான். ஆட்சேபம் உள்ளவன் பெட்டியைத் திறக்காமல் திருப்பிவிட வேண்டும். திறந்து தின்றால் சம்மதம். அப்புறம் பேச வாய் கிடையாது. இறந்தவர் பெயரில் வரும் பெட்டியில் அரிசி மாவு அப்பம் இருக்கும். நிலப் பெட்டியில் அப்பம் வைக்க மாட்டார்கள். அப்பம் இல்லாததை முதலில் கவனித்தவளே அவள்தான். கவனித்து, கஞ்சத்தனம் என்று சிரித்தவளும் அவள்தான்.

"நான் உங்க அப்பாவோட ஆயிரமாவது நாள்னு நெனச்சேன்" என்றாள் மெல்ல.

ஹாஜியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "அது இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சுவர் எழும்பியது. ஒரு ஓரத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டிருந்தார்கள். அதையும் எந்த நாளும் அடைக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ஹெர்லான் அறைகளின் முன் வந்து நின்று, குடை பிடித்தபடி மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"வழி இல்லாத வீட்டுக்கு யாரும்மா குடி வருவாங்க? நாங்க எடுத்துக்கிறோம். விலை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். உங்களுக்குக் கையெழுத்துச் சிரமம்னு கேள்விப்பட்டேன். கட்டை விரல் போதும்." பையிலிருந்து மை டப்பாவை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

அவர் சொன்ன விலை அவள் கொட்டிய மண்ணுக்கே காணாது.

"டப்பாவ எடுத்துக்கங்க. விளிம்பு கறையாகிரும்" என்றாள் தஸ்மினா.

தெருவும் அவள் பக்கம் இல்லை. ஹாஜியின் நிலத்தை வாங்கினால் அடுத்து தங்கள் நிலத்தையும் நல்ல விலைக்கு வாங்குவார்கள் என்று ஆளாளுக்குக் கனவு. "அவ ஒருத்தி பிடிவாதத்துல நம்ம எல்லாருக்கும் மண்ணா?" என்று டீக்கடையில் பேசினார்கள். தர்மூஜி உள்ளே வந்தால் பேச்சு மீன் விலைக்குத் தாவும். ஃப்ளோரஸ்காரன் ஒருவன் அறையைக் காலி செய்துகொண்டு போனான். இன்னும் இரண்டு பேர் வேறு இடம் பார்ப்பதாகக் காதில் விழுந்தது. ஒவ்வொரு முறை பட்டறைச் சங்கு ஊதும்போதும் தர்மூஜி வெளியே வந்து அந்த இடைவெளியைப் பார்ப்பார். தங்கைக்கு இந்த அறைகளை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆலை மறுபடி திறக்காது. உடம்பில் பழைய வலு இல்லை.

ஒரு காலை அவள் வந்து, உட்காராமலே சொன்னாள்: "அண்ணே, ஹாஜி திம்யாத்திக்கு ஆயிரமாவது நாள் இந்த வாரந்தான். மசூதி மோதின்கிட்ட கேட்டேன். அவங்க வீட்டுல ஒண்ணும் செய்யல. நான் செய்யப் போறேன்."

தர்மூஜிக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. கந்தூரி என்றால் தொடக்கத்தில் மோதின் நிய்யத்தைச் சொல்வார்: எதற்காகக் கூடினோம், யார் பெயரில், எந்த நன்மையை நினைத்து. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் "ஆமாம்" சொல்ல வேண்டும். சொன்னது சாட்சி.

"மோதின் வாயால பாதையச் சொல்ல வைக்கப் போற."

"ஆமா."

"செத்தவர் பேர்ல பொறி வைக்கிறியாடி?"

"பொறியா?" அவள் குரல் உயர்ந்தது. "அந்த மனுசன் குடுத்தாரா இல்லையா? நீயும்தான இருந்த அன்னிக்கு? அவர் குடுத்த தர்மத்த அவர் மகன் சுவர் வச்சு மறைக்கிறாரு. நான் அவருக்கு சோறு போட்டு, பாத்திஹா ஓதி, குடுத்தத குடுத்தாருன்னு சொல்றேன். இதுல எது பொறி?"

"மஸ்கூர் மானம் போயிரும்."

"என் கூரை போகுது."

ஆண்கள் உட்காரும் கந்தூரியில் பெண் முன்னால் உட்கார முடியாது. வீட்டுக்காரராகத் தர்மூஜிதான் உட்கார வேண்டும். நிய்யத்தை மோதினின் காதில் அவர்தான் சொல்ல வேண்டும். ஹாஜியை அழைக்கவும் அவர்தான் போக வேண்டும்.

போனார். ஹாஜி மஸ்கூர் ஊஞ்சல் நாற்காலியில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலி நின்றது.

"என் அப்பாவுக்கு நான் செய்யாதத உன் தங்கச்சி செய்யுறாளா?"

"நீயும் வா, ஹாஜி."

"எவ்வளவு நெஞ்சழுத்தம்! வராட்டி ஊர் என்னைக் காறித் துப்பும். வந்தா?" தர்மூஜியையே பார்த்தார். "வந்தா என்ன காத்திருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

தர்மூஜியால் பொய் சொல்ல முடியவில்லை. உண்மை சொல்லவும் முடியவில்லை. "ராத்திரி இஷா தொழுகைக்கு முன்னாடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

கந்தூரியன்று சாயங்காலம் தர்மூஜி பாய்களை நூல் பிடித்தது போல விரித்தார். விளிம்பு மடங்கியதை நீவிவிட்டார். பெட்டிகளை அடுக்கினார். பின்கட்டில் தஸ்மினா அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். புளித்த மாவு மணம் வீடெல்லாம் பரவியது. ஒவ்வொரு பெட்டியிலும் மேலாக, மூடியைத் திறந்ததும் கண்ணில் படும்படி அப்பம் வைத்தாள்.

ஆண்கள் வந்தார்கள். கிசுகிசுத்தபடி உட்கார்ந்தார்கள். அன்றைக்குக் கடல் ஏற்றம் வேறு. வாசலில் கணுக்கால் தண்ணீர். எல்லோரும் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மோதின் சலேகான் வந்து நடுவில் உட்கார்ந்தார். தொழுகை அழைப்பும் அடக்கமும் கந்தூரியும் அந்த ஊரில் அவர் பொறுப்பு. தர்மூஜி குனிந்து அவர் காதில் சொன்னார். கிழவர் புருவத்தை உயர்த்தினார்.

"அளவும் சொல்லணுமா?"

"சொல்லணும்."

ஹாஜிக்கு விட்டிருந்த இடம் காலியாகவே இருந்தது. ஒருவன் கொட்டாவி விட்டான். "சோறு ஆறுதுப்பா" என்றான் டீக்கடைக்காரன். தர்மூஜியின் பார்வை வாசலிலேயே இருந்தது. வரவில்லையென்றால் எல்லாம் வீண். மகன் இல்லாத இடத்தில் சொன்ன சாட்சி காற்றோடு போகும்.

தண்ணீரில் கால் அலம்பும் சத்தம் கேட்டது. ஹாஜி மஸ்கூர் வெள்ளைத் தொப்பியோடு நின்றார். யாருக்கும் சலாமை இழுத்துச் சொல்லாமல், தனக்கு விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மோதின் தொடங்கினார். "இந்த வீட்டுக்காரர் நம்மைக் கூட்டினது, முதலில், தெருவில் இருக்கிற எல்லாரும் நலமா இருக்க."

"ஆமாம்" என்றது கூட்டம்.

"ரெண்டாவது, ஹாஜி திம்யாத்தி அவர்களின் ஆயிரமாவது நாளுக்காக, அவருக்கு மன்னிப்புக் கேட்டு."

"ஆமாம்." ஹாஜியின் உதடும் அசைந்தது.

"மூணாவது, அன்னார் உயிரோட இருந்தப்ப, கிணற்றடியிலேருந்து குட்டை வரைக்கும், செத்தவங்க ஜனாசாவத் தூக்கிட்டு ஆளுங்க நெருக்கியடிக்காம நடக்கிற அகலத்துல, தன் நிலத்துல பாதை குடுத்தாங்க. அந்தத் தர்மத்தோட நன்மை அவங்க கபுருக்குப் போய்ச் சேர."

"ஆமாம்" வரவில்லை.

டீக்கடைக்காரன் பாயின் கோரையைக் கிள்ளினான். ஒருவன் ஹாஜியைப் பார்த்தான், இன்னொருவன் கூரையைப் பார்த்தான். பின்கட்டுத் திரைக்கு அப்பால் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. வீட்டுக்காரனாக முதலில் தர்மூஜிதான் சொல்ல வேண்டும்.

"ஆமாம்" என்றார் தர்மூஜி. தனிக் குரலாக, நொண்டியடித்து வந்தது.

மோதின் காத்திருந்தார். வழக்கப்படி மறுபடி அதையே சொல்ல வாயெடுத்தார்.

"அகலம் தப்பு" என்றார் ஹாஜி மஸ்கூர், கண்ணைத் திறக்காமல்.

கூட்டம் நிமிர்ந்தது.

"ஜனாசா அகலம்னு எங்க அப்பா சொல்லல. மாட்டு வண்டி அகலம்னு சொன்னாரு. நாந்தான் பக்கத்துல விளக்குப் புடிச்சிட்டு நின்னேன். எண்ணெய் கையில சிந்தி, அவர்ட்ட திட்டு வாங்கினேன்." தொண்டையைக் கனைத்தார். "எங்க அப்பாவோட நன்மையச் சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லுங்க. குறைச்சு அனுப்பாதீங்க."

மோதின் திருத்திச் சொன்னார். "மாட்டு வண்டி போற அகலத்துல."

"ஆமாம்" என்றார் ஹாஜி. அப்புறம்தான் கூட்டம் சொன்னது, சிலர் இருமுறை.

ஓதி முடிந்து ஆளாளுக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஹாஜி வெறுங்கையோடு வாசல்வரை போய்விட்டார். பெட்டியை வேண்டாமென்று விட்டுப் போனால் சொன்ன வாயும் செல்லாது. ஹாஜி தண்ணீரில் ஒரு காலை வைத்தவர் திரும்பி வந்தார். பெட்டியை எடுத்தார், மூடியைத் திறந்து பார்த்தார்.

"அப்பம் இருக்கு" என்றார். திரைப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினார். "தஸ்மினா, நான் என்ன திங்கிறேன்னு தெரிஞ்சேதான் திங்கிறேன். ஆனா எங்க அப்பாவ எனக்கே சாட்சியா இழுத்துட்டல்ல, அதச் சீக்கிரம் மறக்க மாட்டேன்."

"மறக்க வேணாம், ஹாஜி" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சூடு ஆறதுக்குள்ள சாப்பிடுங்க."

ஹெர்லான் கத்தினார், காரை விருட்டென்று எடுத்துச் சேறு தெறிக்கவிட்டார், விலையைக் குறைத்தார். ஹாஜி குறைந்த விலைக்கே பாதை நீங்கலாக விற்றார். மக்கா பயணம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனது. ஹாஜியின் மனைவி இன்றுவரை தஸ்மினாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சுவரைப் பெயர்த்துத் தள்ளிக் கட்டினார்கள். அந்தச் செங்கல் துண்டுகளைத் தஸ்மினா கேட்டு வாங்கி, ஐந்தாவது அறையின் முன்னால் தாழ்ந்த இடத்தில் கொட்டினாள்.

இனி வாய்ச்சொல் போதாது என்று ஹாஜியே சொன்னார். வக்ஃபை எழுத்தில் பதிய எல்லோரும் அலுவலகம் போனார்கள். கொடுப்பவர் ஹாஜி, சாட்சிகள் மோதினும் தர்மூஜியும், பாதையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தஸ்மினாவுக்கு. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டதும் அதிகாரி பழக்கப்பட்டவர் போல மை டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

"வேணாம்" என்றாள். "பேனா குடுங்க."

தர்மூஜி திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அவள் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, பேனாவை உளி பிடிப்பது போலப் பிடித்தாள். முதல் கோடு குறுக்கே, அடுத்த கோடு கீழே. நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே வந்திருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஹாஜி மஸ்கூர் அவரைப் பார்த்து, பேசாமல் இருங்கள் என்பது போலக் கையைக் காட்டினார்.

ஒவ்வோர் எழுத்தாக அது வர வர, தர்மூஜிக்கு அந்த எழுத்துகள் தெரிந்தவையாக இருந்தன. அச்சில் வார்த்தது போல, ஒன்றோடொன்று உயரம் பிசகாமல். மீட்டர் பெட்டியின் மூடியில் அவர் எழுதியது. ஜன்னல் விளிம்பின் கரித்தூசியில் அவர் துடைத்துவிட்டது.

"எத்தன நாளாடி?" என்றார்.

"தூசிக்கா பஞ்சம்?" என்றாள் அவள், தலை நிமிராமல். "பேசாதண்ணே, கடைசி எழுத்து கோணிரும்."

கோணவில்லை. பெயருக்குக் கீழே இருந்த காலிக் கோட்டில், அண்ணன் எழுதியிருந்ததைப் பார்த்து, தேதியையும் அவளே எழுதினாள்: 14 மார்ச் 2019.